வாசலில் கோலத்தைக் காணோமே!
வாழ்நாள் முழுதும் உடலில் தங்கிவிடும் வைரஸ்களை அடக்கி வைக்கும் ‘இயற்கைக் கொல்லி’ உயிரணுக்கள்

அந்தப் பெண்ணுக்கு வயது 13. உங்களில் பலருடைய வயதுதான். அமெரிக்காவில் வாழ்ந்த அவளுக்குச் சின்னம்மை கண்டது.

சின்னம்மை நமக்குப் புதிதல்ல. காய்ச்சல், உடம்பெல்லாம் நீர்க்கொப்புளங்கள், தாங்க முடியாத அரிப்பு, படுக்கையில் வேப்பிலை, சில நாள் பள்ளிக்கு விடுமுறை. பெரும்பாலான பிள்ளைகள் அதன் பிறகு எழுந்து ஓடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால், அந்தப் பெண்ணுக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாக முற்றியது. சிகிச்சையால் பிழைத்தாள்.

தொல்லை அதோடு முடியவில்லை. சில ஆண்டுகளில் சைட்டோமெகலோ வைரஸ் அவளைக் கடுமையாகத் தாக்கியது. அந்த வைரஸ் நம்மில் பலருடைய உடலுக்குள் ஓசையின்றி நுழைந்து, காய்ச்சல்கூடத் தராமல் தங்கிவிடுவது. அதன் பிறகு ஹெர்ப்பீஸ் சிம்பிளக்ஸ் வந்தது. மற்றவர்களுக்கு உதட்டோரத்தில் ஒரு சிறு கொப்புளத்தைத் தந்துவிட்டுப் போகும் அந்த வைரஸும் அவளிடம் கடுமையாகவே நடந்துகொண்டது.

சின்னம்மை, சைட்டோமெகலோ, ஹெர்ப்பீஸ் சிம்பிளக்ஸ் ஆகிய மூன்று வைரஸ்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹெர்ப்பீஸ் குடும்பம் என்று அதற்குப் பெயர். அந்தக் குடும்பத்திடம் மட்டும் அவள் உடல் ஏன் இப்படித் தோற்றது?

மருத்துவர்கள் அவளது இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை அவள் உடல் சரியாகவே தயாரித்தது. நோய்த்தடுப்பின் முதுகெலும்பு எனப்படும் டி உயிரணுக்களும் இருந்தன. ஒரே ஒரு வகை வெள்ளை அணு மட்டும் அவள் இரத்தத்தில் இல்லவே இல்லை. 1989ஆம் ஆண்டு கிறிஸ்டின் பிரோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

அந்த வெள்ளை அணுவின் பெயர் ‘இயற்கைக் கொல்லி உயிரணு’. சுருக்கமாக என்கே உயிரணு.

போகாத விருந்தாளிகள்

சளிக்காய்ச்சல் தரும் இன்ஃபுளுவென்சா வைரஸ் நம் உடலில் சில நாள்தான் தங்கும். நோய்த்தடுப்பு அமைப்பு அதைத் துடைத்துப் போட்டுவிடும். எல்லா வைரஸும் அப்படியல்ல. சில வைரஸ்கள் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் போவதே இல்லை. இப்படி நீண்டகாலம் தங்கிவிடும் தொற்றை நாள்பட்ட தொற்று என்கிறோம்.

சின்னம்மை வைரஸையே எடுத்துக்கொள்வோம். கொப்புளம் ஆறி, தழும்பும் மங்கிவிட்ட பிறகு வைரஸ் போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது முதுகுத் தண்டுக்கு அருகில் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய் ஒளிந்துகொள்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அது விழிக்கலாம். உங்கள் தாத்தா பாட்டியில் யாருக்காவது அக்கி வந்து, இடுப்பைச் சுற்றி நெருப்பாய் எரிகிறது என்று துடித்தது நினைவிருக்கிறதா? அது வெளியிலிருந்து புதிதாக வந்த கிருமி அல்ல. சிறுவயதில் வந்த அதே சின்னம்மை வைரஸ்தான்.

சைட்டோமெகலோ வைரஸ் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இரத்த முன்னோடி உயிரணுக்களில் பதுங்குகிறது. உலகில் வயதுவந்தோரில் பெரும்பாலோர் உடலில் இது இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலரிடமும் இப்போதே இருக்கக்கூடும்.

பதுங்கியிருக்கும் வைரஸை ஏன் பிடிக்க முடிவதில்லை? அது அப்போது ஏறக்குறைய எந்தப் புரதத்தையும் தயாரிப்பதில்லை. சத்தம் போடாமல் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் திருடனை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே, நாள்பட்ட தொற்றில் நம் உடலின் வேலை வைரஸை அடியோடு ஒழிப்பது அல்ல. அது தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் தலையில் தட்டி உட்கார வைப்பதுதான். வாழ்நாள் முழுதும் நடக்கும் இந்தக் காவல் பணியில் டி உயிரணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. என்கே உயிரணுக்கள் அதில் என்ன செய்கின்றன என்பதுதான் நம் கதை.

பிழை என்று ஒதுக்கிய எண்கள்

1970களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் ஒரு குறிப்பிட்ட சோதனையை அடிக்கடி செய்துவந்தனர். ஓர் எலிக்குப் புற்றுநோய் உயிரணுக்களை அறிமுகப்படுத்துவார்கள். அதன் வெள்ளை அணுக்கள் பயிற்சி பெற்ற பிறகு, அவற்றை எடுத்துச் சோதனைக் குழாயில் அதே புற்றுநோய் உயிரணுக்களுடன் சேர்ப்பார்கள். எத்தனை உயிரணுக்கள் கொல்லப்படுகின்றன என்று கணக்கிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பயிற்சி பெறாத எலியின் வெள்ளை அணுக்களையும் இதே சோதனைக்கு உட்படுத்துவார்கள். அறிவியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் ‘கட்டுப்பாட்டுப் பரிசோதனை’ இதுதான்.

பயிற்சி பெறாத எலியின் அணுக்கள் எதையும் கொல்லக்கூடாது. ஆனால், அவையும் கொன்றன. பலர் இதைச் சோதனையில் நேர்ந்த பிழை என்று ஒதுக்கிவிட்டு, அந்த எண்ணைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டனர்.

சிலர் மட்டும் அதை விடவில்லை. சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வுக் கழகத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவினரும் இந்தப் ‘பிழை’யையே ஆராய்ந்தனர். பயிற்சி எதுவும் இல்லாமலே கொல்லக்கூடிய புதுவகை வெள்ளை அணு ஒன்று இருப்பதை 1975இல் அறிவித்தனர். பிறவியிலேயே கொல்லும் திறன் கொண்டதால் ‘இயற்கைக் கொல்லி’ என்று பெயர் வந்தது.

நம் இரத்தத்திலுள்ள நிணநீர் அணுக்களில் 5 முதல் 15 விழுக்காடு இவைதான். புதிய வைரஸ் ஒன்று நுழைந்தால், அதற்கேற்ற டி உயிரணுக்கள் பெருகிப் படையாகத் திரள ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். என்கே உயிரணுக்களோ முதல் ஓரிரு நாளிலேயே களத்தில் இறங்கிவிடும்.

ஆனால், ஒரு கேள்வி எல்லோரையும் குழப்பியது. பயிற்சியே இல்லை என்றால், எது நல்ல உயிரணு, எது கெட்ட உயிரணு என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

இல்லாததே செய்தி

இதற்கான விடையைப் புரிந்துகொள்ள, தோட்டத்து லயங்களில் வளர்ந்த பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். விடிந்ததும் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார்கள். ஒரு வீட்டு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தால் அக்கம்பக்கத்தார் உடனே கவனிப்பார்கள். “என்ன, இன்றைக்குக் கோலத்தைக் காணோம்? வீட்டில் யாருக்காவது முடியவில்லையா?” யாரும் வந்து தகவல் சொல்லத் தேவையில்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போனதே தகவல்தான்.

நம் உடலில் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் தங்கள் ‘வாசலில்’ இப்படி ஒரு கோலம் போடுகின்றன. எம்எச்சி முதல் வகை என்னும் புரதம்தான் அந்தக் கோலம். மார்கழியில் கோலத்தின் நடுவே பூசணிப் பூ வைப்பது போல, இந்தப் புரதத்தின் நடுவே உயிரணு ஒரு சிறு துண்டை வைக்கிறது. உயிரணுவுக்குள் தயாராகும் புரதங்களிலிருந்து வெட்டி எடுத்த துண்டு அது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே காட்டும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி உயிரணு அந்தப் ‘பூ’வைப் பார்க்கும். அது வைரஸ் புரதத்தின் துண்டாக இருந்தால், “உள்ளே வைரஸ் இருக்கிறது” என்று தெரிந்துகொண்டு அந்த உயிரணுவை அழித்துவிடும்.

இதிலிருந்து தப்பிக்க வைரஸ் என்ன செய்யும்? கோலத்தையே போடவிடாமல் தடுத்துவிடும்! சைட்டோமெகலோ வைரஸ் இதில் கைதேர்ந்தது. எம்எச்சி புரதம் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து சேரும் முன்பே அதைப் பிடித்துச் சிதைப்பதற்கென்று தனிப் புரதங்களை அது வைத்திருக்கிறது. கோலம் இல்லை, பூவும் இல்லை, டி உயிரணுவால் எதையும் பார்க்க முடியாது.

இங்கேதான் என்கே உயிரணு வருகிறது. அது பூவைத் தேடுவதில்லை. கோலம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. டி உயிரணுவிடமிருந்து தப்புவதற்காக வைரஸ் செய்த தந்திரமே, என்கே உயிரணுவிடம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த எண்ணத்தை முதலில் முன்வைத்தவர் சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் ஷேரே. 1981இல் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதைக் கருதுகோளாக எழுதினார். 1986இல் அவருடைய குழுவினர் அதைச் சோதித்துக் காட்டினர். எம்எச்சி புரதம் உள்ள புற்றுநோய் உயிரணுக்களை எலிக்குள் செலுத்தியபோது அவை வளர்ந்தன. அதே உயிரணுக்களின் எம்எச்சி இழந்த வகையைச் செலுத்தியபோது, என்கே உயிரணுக்கள் அவற்றை அழித்துவிட்டன. இதற்குக் ‘காணாமற்போன சுய அடையாளம்’ என்று பொருள்படும் பெயரை விஞ்ஞானிகள் சூட்டினர்.

பிரேக்கும் எக்சலரேட்டரும்

இப்போது கூர்மையான மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார்: “ஆசிரியரே, முதிர்ந்த சிவப்பணுக்களில் இந்த எம்எச்சி புரதம் ஏறக்குறைய இல்லையே. அப்படியானால் என்கே உயிரணுக்கள் நம் சிவப்பணுக்களை எல்லாம் ஏன் கொன்றுவிடவில்லை?”

அருமையான கேள்வி. கோலம் இல்லாதது மட்டும் போதாது என்பதே பதில். என்கே உயிரணுவின் மேற்பரப்பில் இரண்டு வகை ஏற்பிகள் உள்ளன. ஒரு வகை பிரேக் மாதிரி. எம்எச்சி புரதத்தைத் தொட்டதும் “இவன் நம்மவன், விட்டுவிடு” என்று சொல்லும். இன்னொரு வகை எக்சலரேட்டர் மாதிரி. ஓர் உயிரணு தொற்றாலோ புற்றுநோயாலோ அவதிப்படும்போது அதன் மேற்பரப்பில் சில ‘ஆபத்துக் கொடிகள்’ முளைக்கும். அவற்றைத் தொட்டதும் இந்த ஏற்பிகள் “தாக்கு” என்று சொல்லும்.

பிரேக்கை எடுத்துவிட்டால் மட்டும் கார் பாய்ந்துவிடாது. எக்சலரேட்டரையும் மிதிக்க வேண்டும். சிவப்பணுவில் பிரேக்கை மிதிக்கும் கோலம் இல்லை. ஆனால், எக்சலரேட்டரை மிதிக்கும் கொடியும் இல்லை. அதனால் அது தப்புகிறது. வைரஸ் புகுந்த உயிரணுவில் கோலம் குறைகிறது, கொடிகள் முளைக்கின்றன. ஒவ்வோர் உயிரணுவையும் தொட்டுப் பார்த்து, இரண்டு பக்கத்தையும் எடைபோட்ட பிறகே என்கே உயிரணு முடிவெடுக்கிறது.

தாக்குவது என்று முடிவானால், அது குறிவைத்த உயிரணுவோடு ஒட்டிக்கொள்ளும். தன்னிடம் தயாராக உள்ள சிறு பைகளிலிருந்து இரண்டு பொருள்களை அந்த இடைவெளியில் விடும். பெர்ஃபோரின் என்னும் புரதம் உயிரணுவின் சவ்வில் துளை போடும். கிரான்சைம் என்னும் நொதிகள் உள்ளே புகுந்து, உயிரணுவைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும். வைரஸ் தன் நகல்களைச் செய்து முடிப்பதற்குள் தொழிற்சாலையே மூடப்பட்டுவிடும். கூடவே, காமா இன்டர்ஃபெரான் என்னும் செய்திப் பொருளையும் என்கே உயிரணுக்கள் வெளியிடுகின்றன. அது சுற்றியுள்ள உயிரணுக்களை எச்சரிக்கும். டி உயிரணுக்களையும் உசுப்பிவிடும்.

ஸ்டிக்கர் கோலம்

நாள்பட்ட தொற்று என்பது ஒருநாள் சண்டை அல்ல. பல கோடி ஆண்டுகளாகப் பாலூட்டிகளோடு கூடவே வளர்ந்து வந்தவை இந்த வைரஸ்கள். காவலாளிக்கு ஒரு தந்திரம் தெரிந்தால், திருடனும் ஒன்றைக் கற்றுக்கொள்வான்.

அவசரமாகக் கிளம்பும் நாளில் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டுப் போகிறோம் அல்லவா? சைட்டோமெகலோ வைரஸும் அதையே செய்கிறது. எம்எச்சி புரதத்தைப் போலவே தோன்றும் ஒரு போலிப் புரதத்தைத் தானே தயாரித்து, உயிரணுவின் வாசலில் ஒட்டுகிறது. உண்மையான கோலத்தை அழித்தாயிற்று, டி உயிரணுவுக்குக் கண் தெரியாது. போலிக் கோலத்தை ஒட்டியாயிற்று, என்கே உயிரணுவின் பிரேக்கும் மிதிபடும். அதோடு நிற்கவில்லை. முளைக்கும் ஆபத்துக் கொடிகள் சிலவற்றை மேலே வரவிடாமல் உள்ளேயே அடைத்து வைக்க இன்னொரு புரதத்தையும் அது வைத்திருக்கிறது.

இத்தனை தந்திரங்களை ஒரு வைரஸ் சுமந்துகொண்டு திரிகிறது என்றால், அது யாரைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. என்கே உயிரணுவின் முக்கியத்துவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனால், அறிவியலில் ஊகம் போதாது. அமெரிக்கப் பெண் ஒருத்தியை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் முடியாது. அவள் உடலில் வேறு குறை ஏதாவது இருந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் எலிகளில் செய்த சோதனைகள் முக்கியம். எலிகளுக்கென்றே ஒரு சைட்டோமெகலோ வைரஸ் உண்டு. 1980களில் விஞ்ஞானிகள் எலிகளின் என்கே உயிரணுக்களை நீக்கிவிட்டு அந்த வைரஸைச் செலுத்தினர். வைரஸ் பன்மடங்கு பெருகியது. மறுபுறம், வைரஸைத் தாங்க முடியாத பால்குடி எலிக்குட்டிகளுக்கு, வளர்ந்த எலியின் என்கே உயிரணுக்களைக் கொடுத்தனர். குட்டிகள் பாதுகாக்கப்பட்டன. எடுத்தால் ஆபத்து, கொடுத்தால் பாதுகாப்பு. இரண்டு பக்கமும் பொருந்தும்போதுதான் காரணம் உறுதியாகிறது.

போலியை அடையாளம் கண்ட கறுப்பு எலி

இன்னொரு புதிரும் அந்த ஆய்வுக்கூடங்களில் இருந்தது. ஆய்வில் பயன்படும் ஒருவகைக் கறுப்பு எலிகள் இந்த வைரஸை நன்றாகத் தாங்கின. ஒருவகை வெள்ளை எலிகளோ திணறின. ஏன்?

2002இல் விடை கிடைத்தது. எலி வைரஸ் ‘எம்157’ என்னும் ஒரு புரதத்தைத் தொற்றிய உயிரணுவின் மேற்பரப்பில் வைக்கிறது. அதுவும் எம்எச்சி வடிவத்தை ஒத்த ஒரு ஸ்டிக்கர் கோலம்தான். சில எலி வகைகளின் என்கே உயிரணுக்களில் அது பிரேக்கை மிதித்தது. ஆனால், கறுப்பு எலியின் என்கே உயிரணுக்களில் பலவற்றிடம் ‘எல்ஒய்49எச்’ என்னும் தனி ஏற்பி ஒன்று இருந்தது. அது அந்த ஸ்டிக்கரைத் தொட்டதும் பிரேக்குக்குப் பதிலாக எக்சலரேட்டரை மிதித்தது. ஏமாற்ற ஒட்டிய போலியையே அது குற்றத்தின் தடயமாக்கிக்கொண்டது.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. என்கே உயிரணுக்களின் நெருக்குதலில் எம்157 புரதத்தில் மாற்றம் கண்ட வைரஸ்கள் தோன்றின. அந்த ஏற்பியால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திருடன் போலீஸ் ஆட்டம் இன்னமும் தொடர்கிறது.

நினைவில் வைத்திருக்கும் கொல்லி

உங்கள் பாடநூலில் ஒன்று படித்திருப்பீர்கள்: பி உயிரணுவும் டி உயிரணுவும்தான் பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும். தடுப்பூசி வேலை செய்வது அந்த நினைவால்தான். என்கே உயிரணுக்களுக்கு நினைவு கிடையாது என்றே விஞ்ஞானிகளும் நீண்டகாலம் நம்பினர். அவை இரத்தத்தில் வாழ்வதே ஏறத்தாழ இரண்டு வாரம்தான். எதை நினைவில் வைக்க முடியும்?

2009இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லூயிஸ் லனியர் குழுவினர் அந்த நம்பிக்கையை அசைத்தனர். எலி வைரஸைச் சந்தித்த என்கே உயிரணுக்கள் பெருகின. தொற்று அடங்கிய பிறகு அவற்றில் ஒரு பகுதி பல மாதங்கள் உயிரோடு இருந்தது. அதே வைரஸைத் தடுக்க, இந்த அனுபவசாலி உயிரணுக்கள் சிலவே போதுமானதாக இருந்தது. புதியவை என்றால் பல மடங்கு தேவைப்பட்டன.

மனிதரிடமும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. ஸ்பெயினின் பார்சலோனா ஆய்வாளர்கள் 2004இல் ஒன்றைக் கவனித்தனர். சைட்டோமெகலோ வைரஸ் தங்கியிருக்கும் பலரின் இரத்தத்தில், ‘என்கேஜி2சி’ என்னும் எக்சலரேட்டர் ஏற்பி கொண்ட என்கே உயிரணுக்கள் கூடுதலாக இருந்தன. வீட்டில் ஒரு திருடன் பதுங்கியிருப்பதால், காவலர் படையின் அமைப்பே நிரந்தரமாக மாறிவிடுகிறது.

கல்லீரலில் ஒரு கத்தி முனை

இதுவரை படித்த பிறகு உங்களுக்குத் தோன்றலாம்: என்கே உயிரணு அதிகமாக இருந்தால் நல்லதுதானே? அவ்வளவு எளிதல்ல. அதைக் காட்டுவது நம் வட்டாரத்துக்கு நன்கு தெரிந்த நோய்: ஹெப்பாடைட்டிஸ் பி.

2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 254 மில்லியன் பேர் நாள்பட்ட ஹெப்பாடைட்டிஸ் பி தொற்றோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வயதுவந்தவர் ஒருவருக்கு இந்தத் தொற்று வந்தால், பெரும்பாலும் உடல் அதை வென்றுவிடும். 5 விழுக்காட்டுக்கும் குறைவானோரிடமே அது நாள்பட்டதாக மாறுகிறது. ஆனால், பிறக்கும்போதோ பச்சிளம் பருவத்திலோ தொற்றினால், ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது தங்கிவிடும். பல ஆண்டுகளில் கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். அதனால்தான் சிங்கப்பூர் 1987இலும் மலேசியா 1989இலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்கான தடுப்பூசியைப் போடத் தொடங்கின. உங்கள் தடுப்பூசிப் பதிவைப் புரட்டிப் பாருங்கள்; பிறந்தவுடன் போட்ட ஊசிகளில் இதுவும் இருக்கும்.

இப்போது விந்தையைக் கேளுங்கள். இந்த வைரஸ் கல்லீரல் உயிரணுக்களை நேரடியாகக் கொல்வதில்லை. கல்லீரலைப் புண்ணாக்குவது, வைரஸை விரட்ட முயலும் நம்முடைய சொந்த நோய்த்தடுப்பு அமைப்புதான். அங்கே என்கே உயிரணுக்களுக்குப் பஞ்சமே இல்லை. மனிதக் கல்லீரலில் உள்ள நிணநீர் அணுக்களில் 30 முதல் 50 விழுக்காடு அவைதான். நாள்பட்ட தொற்று திடீரெனச் சீறும் வேளைகளில், கல்லீரல் உயிரணுக்களின் இறப்புக்கு என்கே உயிரணுக்களும் காரணமாகின்றன என்று லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். 2013இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினர். வைரஸை எதிர்க்க வந்த டி உயிரணுக்களையே என்கே உயிரணுக்கள் கொன்றுவிடுகின்றன!

காவலாளி சொந்தப் படையையே சுடுகிறானா? இது துரோகமா, வேறு ஏதாவதா?

2012இல் அமெரிக்காவில் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வெளிச்சம் போட்டது. நாள்பட்ட தொற்று உண்டாக்கும் ஒரு வைரஸை எலிகளுக்கு வெவ்வேறு அளவில் கொடுத்தனர். நடுத்தர அளவு கொடுத்தபோது, என்கே உயிரணுக்கள் இல்லாத எலிகளே தப்பித்தன. அவற்றின் டி உயிரணுக்கள் தடையின்றிப் பெருகி வைரஸைத் துடைத்துவிட்டன. என்கே உயிரணுக்கள் இருந்த எலிகளிலோ டி உயிரணுக்கள் அரைகுறையாகப் போராடின. வைரஸ் தங்கியது, உறுப்புகள் சேதமாயின, பல எலிகள் மடிந்தன.

ஆனால், மிக அதிக அளவு வைரஸ் கொடுத்தபோது எல்லாம் தலைகீழானது. என்கே உயிரணுக்கள் இல்லாத எலிகளில் டி உயிரணுக்கள் வெறிகொண்டு தாக்கின. எங்கும் வைரஸ் இருந்ததால் எங்கும் சேதம். எலிகள் மடிந்தன. என்கே உயிரணுக்கள் இருந்த எலிகளில் டி உயிரணுக்களின் வேகம் அடங்கியது. வைரஸ் போகவில்லை, ஆனால், எலி பிழைத்தது.

வீட்டில் ஓர் எலி புகுந்தால் விரட்டலாம். வீடு முழுக்க எலி என்றால், அவற்றை ஒழிக்க வீட்டையே கொளுத்திவிட முடியுமா? வெல்ல முடியாத எதிரி என்றால், அடக்கி வைத்து வாழ்வதே புத்திசாலித்தனம். என்கே உயிரணு வெறும் கொல்லி அல்ல. சண்டையின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் குமிழ் அது. அந்தக் குமிழ் சில வேளைகளில் தவறான பக்கம் திரும்பிவிடுவதும் உண்டு. நாள்பட்ட ஹெப்பாடைட்டிஸ் பி நோயாளிகளிடம் அதைச் சரியான பக்கம் திருப்புவது எப்படி என்பது, இன்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கும் விடைகளில் ஒன்று.

இதனால் நமக்கு என்ன?

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நோய்த்தடுப்பைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அப்போது அதுவரை தூங்கிக்கொண்டிருந்த சைட்டோமெகலோ வைரஸ் விழித்துக்கொள்ளும். ஆகவே, மருத்துவர்கள் அவர்களது இரத்தத்தில் அந்த வைரஸைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். தாயின் வயிற்றிலேயே இந்த வைரஸ் தொற்றிய குழந்தைகள் சிலர் செவித்திறனை இழக்கின்றனர். நலமான உடலில் இது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, இது சாதுவான வைரஸ் என்று நினைத்துவிடக்கூடாது. அது சாதுவாக இருப்பதற்குக் காரணம், அதைச் சாதுவாக வைத்திருக்கும் காவலர்கள்.

அந்தக் காவலர்கள் இருப்பது நமக்குத் தெரிவதே இல்லை. சின்னம்மை வந்து பத்து நாளில் எழுந்து விளையாடப் போன பிள்ளை, தன்னைக் காத்தது எது என்று ஒருபோதும் யோசித்ததில்லை. அந்த 13 வயதுப் பெண்ணிடம் அது இல்லாமல் போனபோதுதான் மருத்துவ உலகமே அதன் அருமையை உணர்ந்தது. என்கே உயிரணுக்கள் நோயை எப்படிக் கண்டுபிடிக்கின்றனவோ, அவற்றின் மதிப்பை நாமும் அப்படித்தான் கண்டுபிடித்தோம்: இருக்க வேண்டியது இல்லாமல் போனபோது.

இன்று இரவு நீங்கள் தூங்கும்போதும் உங்கள் இரத்தத்தில் அவை வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருக்கும். கோலம் இருந்தால் பேசாமல் கடந்துபோகும். இல்லையென்றால் சற்று நின்று பார்க்கும்.

நீங்களே சிந்தியுங்கள்

1. டி உயிரணுவிடமிருந்து மட்டும் தப்பினால் போதும் என்று ஒரு வைரஸ் நினைத்தால், அது என்ன செய்யும்? என்கே உயிரணுவிடமிருந்து மட்டும் தப்ப வேண்டுமானால்? இரண்டையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது ஏன் கடினம்?

2. பயிற்சி பெறாத எலியின் வெள்ளை அணுக்களும் கொன்றதைப் பிழை என்று ஒதுக்கியவர்கள் எதைத் தவறவிட்டார்கள்? உங்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சியில் எதிர்பாராத எண் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்?

3. நோய்த்தடுப்பு அமைப்பு எவ்வளவு வேகமாகத் தாக்குகிறதோ அவ்வளவு நல்லது என்று உங்கள் நண்பர் சொல்கிறார். 2012ஆம் ஆண்டு எலி ஆய்வைக் கொண்டு அவருக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்?